சுழலில் சிக்காத தூசி

தரையிலிருந்து தூசியை இழுப்பது தூசி உறிஞ்சிக்கு எளிய வேலை. இழுத்த காற்றிலிருந்து அந்தத் தூசியைப் பிரித்து வைத்துக்கொண்டு காற்றை மட்டும் மீண்டும் அறைக்குள் விடுவதுதான் நூறாண்டுக்கும் மேலாகப் பொறியாளர்களைப் பாடாய்ப் படுத்திவரும் வேலை. வேக்குவம் கிளீனர் என்று பரவலாக அழைக்கப்படும் இக்கருவிகளைத் தேடிச் சேர்த்து, பழுது நீக்கி, ஓட்டிப் பார்த்து, ஒன்றோடொன்று ஒப்பிடும் சேகரிப்பாளர்கள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உள்ளனர். அவர்களுள் ஒரு சாரார் பையே இல்லாமல், சுழலும் காற்றைக் கொண்டு தூசியைப் பிரிக்கும் தொடக்கக்காலக் கருவிகளின்மீது தனி நாட்டம் கொண்டவர்கள். இச்சேகரிப்பு ஒரு வீட்டுப் பொருளின் மீதான பற்றாகத் தொடங்கினாலும், கவனத்தோடு செய்யப்படும்போது தொழில்நுட்ப வரலாற்றுக்கு வேறெங்கும் கிடைக்காத சான்றுகளைத் தரவல்லது. அந்தச் சான்றைக் கருவியின் நிறத்திலும் உறிஞ்சும் வலிமையிலும் தேடுவதைவிட, சுழல்காற்றின் பிடியிலிருந்து தப்பிய கடைசி நுண்தூசியை ஒவ்வொரு கருவியும் என்ன செய்தது என்பதில் தேடுவதே பயன் தரும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

சுழல்காற்றின் அருமை விளங்கப் பையின் குறை முதலில் விளங்க வேண்டும். 1901-இல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர் காப்புரிமை பெற்ற இயந்திரம் குதிரை வண்டியில் ஏற்றப்பட்டுத் தெருவில் நிறுத்தப்பட, அதிலிருந்து நீண்ட குழாய்கள் சன்னல் வழியே வீட்டுக்குள் கொண்டு செல்லப்பட்டன. காற்றை வடிகட்ட அதில் இருந்தது துணி. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கேன்டன் நகரக் கடையொன்றில் துப்புரவுப் பணி செய்துவந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர், பெருக்கும்போது எழும் தூசியால் ஆஸ்துமா மிகுந்து அவதிப்பட்டவர். மின்விசிறி மோட்டாரையும் துடைப்பக் கம்பையும் தலையணை உறையையும் இணைத்து அவர் செய்த கையடக்கக் கருவிக்கு 1908-இல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கிய ஹூவர் குடும்பத்தின் பெயரே பின்னர் பிரிட்டனில் அக்கருவிக்கான பொதுப்பெயராயிற்று. பூத்தின் துணியும் ஸ்பாங்லரின் தலையணை உறையும் பின்வந்தவர்களின் காகிதப் பையும் செய்த வேலை ஒன்றே: காற்றைத் தம் நுண்துளைகளின் வழியே வெளியே விட்டுத் தூசியை உள்ளே நிறுத்துவது. ஆனால் தூசியை நிறுத்தும் துளையைத் தூசியே அடைக்கிறது. பை நிரம்புவதற்கு வெகு முன்பே, மாவுபோன்ற நுண்தூசி அதன் உட்புறத்தில் ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்து காற்றின் வழியை மறித்துவிடுகிறது. பை பாதிகூட நிறையாத நிலையில் கருவி சோர்ந்துபோவது இதனால்தான்.

இக்குறைக்கான தீர்வு வீட்டில் தோன்றவில்லை, மாவு ஆலையில் தோன்றியது. காற்றில் மிதக்கும் கோதுமை மாவு தீப்பற்றினால் வெடிமருந்துபோல வெடிக்கும். 1878 மே 2 அன்று மினியாபொலிஸ் நகரின் வாஷ்பர்ன் ‘ஏ’ ஆலை அவ்வாறு வெடித்துச் சிதறியதில் 18 பேர் மாண்டனர். ஆலைக் காற்றிலிருந்து தூளை அகற்றுவது உயிர்ப் பிரச்சினையாகிவிட்ட அக்காலச் சூழலில்தான், 1885-இல் ஜான் ஃபின்ச் என்பவர் பெற்று நிக்கர்பாக்கர் நிறுவனத்துக்கு அளித்த அமெரிக்கக் காப்புரிமை வருகிறது. சைக்ளோன் எனப்படும் சுழல்காற்றுப் பிரிப்பானின் வரலாறு வழக்கமாக அங்கிருந்தே எழுதப்படுகிறது. தகரத்தாலான பெரிய கூம்பு ஒன்று கூர்முனை கீழ்நோக்க நிற்கும். தூள் கலந்த காற்று அதன் மேற்பகுதியில் பக்கவாட்டிலிருந்து சுவரைத் தொட்டபடி நுழைந்து சுழலும். தூள் சுவரோரம் ஒதுங்கிக் கீழே வழிய, தெளிந்த காற்று நடுக்குழாய் வழியே மேலேறி வெளியேறும். அசையும் உறுப்பு ஒன்றுகூட அதில் இல்லை. காங்கேயம் பக்கத்து நவீன அரிசி ஆலைகளில் உமியையும் தவிட்டையும் காற்றிலிருந்து பிரிக்க நிறுத்தப்பட்டிருக்கும் கூம்புகளும் இதே வடிவத்தின் வழிவந்தவை.

இங்கு நிகழ்வதைச் சற்று விரிவாக நோக்குவது பின்னால் வரும் ஒப்பீட்டுக்குத் துணை செய்யும். வட்டப் பாதையில் செல்லும் துகளை வெளிப்புறமாக ஒதுக்கும் மையவிலக்கு விளைவு, துகளின் வேகத்தின் வர்க்கத்தை வட்டத்தின் ஆரத்தால் வகுத்தால் வரும் அளவுக்கு ஏற்ப அமைகிறது. வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் சுழலும் துகள், புவியீர்ப்பைப்போல ஏறத்தாழ 400 மடங்கு விசையால் சுவரை நோக்கித் தள்ளப்படும். அதே வேகத்தில் ஆரம் 2 சென்டிமீட்டராகக் குறுகினால் அது 2000 மடங்காகிவிடும். கீழே செல்லச் செல்லக் கூம்பு குறுகுவதன் பயன் இதுவே. ஆனால் துகள் சுவரை அடையவிடாமல் காற்றின் உராய்வு தடுக்கிறது. துகளின் விட்டம் பாதியாகக் குறைந்தால் அது சுவரை நோக்கி நகரும் வேகம் கால்பங்காகிவிடுவதால், நுண்மை கூடக்கூடச் சுழலின் பிடி தளர்ந்துகொண்டே போய், ஓர் அளவுக்குக் கீழே துகள்கள் காற்றோடு காற்றாக நடுக்குழாயில் ஏறித் தப்பிவிடுகின்றன. எந்த அளவுள்ள துகள்களில் பாதி பிடிபட்டுப் பாதி தப்புகின்றனவோ அதை அந்தச் சைக்ளோனின் வெட்டளவு என்பர். வெட்டளவைக் குறைக்க வேண்டுமானால் கூம்பைச் சிறிதாக்க வேண்டும் அல்லது காற்றை விரைவாக்க வேண்டும். இரண்டுக்கும் விலையாக உறிஞ்சும் அழுத்தத்தில் ஒரு பகுதியை இழக்க வேண்டும். 1951-இல் ஸ்டேர்மண்ட் என்ற பொறியாளர் வெளியிட்ட உயர்திறன் சைக்ளோனின் விகிதங்கள் இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகின்றன. அதன்படி பிரிப்பானின் மொத்த உயரம் அதன் விட்டத்தைப்போல நான்கு மடங்கு, நடுக்குழாயின் விட்டம் உடலின் விட்டத்தில் பாதி. ஆலைக் கூரையில் பத்தடி உயரம் எவருக்கும் இடைஞ்சல் இல்லை. மாடிப்படியில் தூக்கிச் செல்லும் கருவிக்குள் அதை அடக்குவதுதான் கடினம்.

பொதுமக்கள் அறிந்த கதை இந்த இடத்திலிருந்து நேராக 1978-க்கு, ஜேம்ஸ் டைசன் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளரிடம், தாவிவிடுகிறது. அத்தாவலில் விடுபட்டுப்போகும் இரண்டு கருவிகளைச் சேகரிப்பாளர்களே நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை. 1930-களின் அமெரிக்காவில் உருவாகி ஹெல்த்-மோர் நிறுவனத்தால் விற்கப்பட்ட ஃபில்டர் குவீன், கீழே உருண்டையான உலோகக் கலனும் மேலே மோட்டாரும் கொண்டது. காற்று கலனுக்குள் சுழன்று செல்கையில் கனத்த அழுக்கெல்லாம் கீழே தங்கிவிட, எஞ்சிய நுண்தூசி நடுவே கூம்பாக நிறுத்தப்பட்ட காகித வடிகட்டியில் படிகிறது. காகிதத்தின் பரப்பும் பெரிது, அதன்மேல் வந்து சேரும் சுமையும் குறைவு என்பதால் கருவி சோர்வடைய நெடுநேரமாகிறது. அதே பத்தாண்டில் ரெக்ஸேர் நிறுவனம் தொடங்கி, பின்னர் ரெயின்போ என்ற பெயரில் புகழ்பெற்ற கருவியோ தண்ணீரை நாடியது: அழுக்குக் காற்று நீர்த்தொட்டிக்குள் கலக்கப்பட்டுத் தூசி நனைந்து நீரிலேயே தங்க, ஈரத்துளியும் நனையாத தூசியும் மோட்டாரை அடையாதபடி அதிவேகமாகச் சுழலும் பிரிப்பான் ஒன்று அவற்றை வெளிப்புறமாக வீசித் தடுத்தது. இரண்டுமே சுழற்சியை மட்டும் நம்பவில்லை. முதலாவது தன் கடைசித் தூசியைக் காகிதத்திடமும் இரண்டாவது நீரிடமும் ஒப்படைத்தன. வீடுவீடாகச் சென்று செய்துகாட்டி விற்கப்பட்ட இக்கருவிகளில், அந்த ஒப்படைப்பு விற்பனைப் பேச்சில் மறைக்கப்படாமல், வாங்குபவரின் கண்முன்னே காகிதக் கூம்பாகவும் கலங்கிய நீராகவும் நின்றது. பையில்லாத் தூசி உறிஞ்சியின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுவது நியாயமன்று.

ஜேம்ஸ் டைசனின் பங்கு இதனால் சிறுத்துவிடவில்லை. அது எங்கே இருக்கிறது என்பது தெளிவாகிறது. 1947-இல் பிறந்து லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் பயின்ற அவர், சக்கரத்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பந்து பொருத்திய பால்பாரோ என்ற தள்ளுவண்டியைத் தயாரித்து வந்தவர். அதன் உலோகச் சட்டத்துக்குத் தூள்வண்ணம் பூசும்போது காற்றில் வீணாகும் தூள் வடிகட்டித் துணியை ஓயாமல் அடைத்ததும், மர அறுவை ஆலையொன்றில் மரத்தூளைப் பிரித்துக்கொண்டிருந்த பெருங்கூம்பைப் பார்த்து அதுபோன்ற ஒன்றைத் தம் பட்டறைக்கு அமைத்துக்கொண்டதும், வீட்டில் ஹூவர் ஜூனியர் கருவி இழுவிசை இழந்தது இதே காரணத்தால்தான் என்று உணர்ந்து பையைக் கழற்றிவிட்டு அட்டையால் செய்த கூம்பைப் பொருத்திப் பார்த்ததும் அவரே பலமுறை சொன்னவை. 1979 முதல் 1984 வரை பாத் நகருக்கு அருகே தம் வீட்டை ஒட்டிய கொட்டகையில் அவர் செய்த மாதிரிகள் 5127 என்பது புகழ்பெற்ற எண். அந்த எண் விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக மேடைதோறும் சொல்லப்படுகிறது. ஆனால் அவ்வளவு மாதிரிகள் ஏன் தேவைப்பட்டன என்பதே அறியத்தக்க செய்தி. ஆலையில் வரும் தூள் ஒரே வகையானது. வீட்டுத் தரையிலோ தலைமுடியும் கம்பள இழையும் காகிதத் துண்டும் மணலும் மாவும் ஒன்றாக வருகின்றன. நுண்தூசியை நன்கு பிரிக்கும் வேகமான சிறுகூம்பு, முடியையும் இழைப்பஞ்சையும் பிடிக்க முடியாமல் நடுக்குழாய் வழியே விட்டுவிடுகிறது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடும் இச்சிக்கலுக்கு அவர் கண்ட விடை, ஒன்றனுள் ஒன்றாக இரு சைக்ளோன்கள்: வெளியே மெதுவாகச் சுழலும் அகன்ற உருளை பெரிய அழுக்கை ஒதுக்கும், இடையில் நுண்துளையிட்ட தடுப்பு இழைகளை நிறுத்தும், உள்ளே விரைவாகச் சுழலும் கூம்பு நுண்தூசியைப் பிரிக்கும். கூம்பு வடிவம் பழையது. வீட்டு அழுக்கு ஒருபடித்தானதன்று என்பதை ஏற்று இரண்டு வேகங்களை ஒரே கருவிக்குள் அடுக்கியதே புதிது.

இவ்வடுக்கமைவு சந்தையை அடைந்த வழியில் சிதறிக் கிடக்கும் கருவிகளே சேகரிப்பாளர்கள் பெரிதும் நாடுபவை. ரோட்டார்க் நிறுவனத்தின் ஆதரவில் 1983-இல் கிளீனீஸ் என்ற விற்பனை நிறுவனத்தின் வழியே பிரிட்டனில் விற்கப்பட்ட சைக்ளான் ஏறத்தாழ 500 மட்டுமே தயாரிக்கப்பட்டது. அதன்பின் ஐரோப்பிய, அமெரிக்க உற்பத்தியாளர்கள் ஒருவர் பின் ஒருவராக மறுத்துவிட, ஜப்பானின் ஏபெக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று 1986-இல் ஜி-ஃபோர்ஸ் என்ற பெயரில் அதை வெளியிட்டது. இளஞ்சிவப்பும் வெளிர் ஊதாவும் கலந்த உடல், சுமார் 2000 டாலருக்கு இணையான விலை, 1991-இல் ஜப்பானியப் பன்னாட்டு வடிவமைப்புக் கண்காட்சியில் பரிசு என்று அது தரை துடைக்கும் கருவியைக் காட்சிப் பொருளின் தகுதிக்கு உயர்த்தியது. அமெரிக்காவில் ஆம்வே நிறுவனத்தோடு டைசன் செய்துகொண்ட ஒப்பந்தம் முறிந்து, அந்நிறுவனம் பின்னர் வெளியிட்ட சைக்ளோன் கருவிமீது தொடுக்கப்பட்ட வழக்கு 1991-இல் சமரசத்தில் முடிந்தது. கனடாவின் அயோனா நிறுவனம் உரிமத்தோடு தயாரித்த ஃபேண்டம், 1990-களில் வட அமெரிக்கத் தொலைக்காட்சி விற்பனையில் பெயர் பெற்றது. பிற்காலத்தில் கருவியின் பெயரையே தன் பெயராக ஏற்றுக்கொண்ட அந்நிறுவனம் 2001-இல் நொடித்துப்போனது. சைக்ளானும் ஜி-ஃபோர்ஸும் ஃபேண்டமும் ஒரே கருவின் மூன்று பிள்ளைகள் என்பதை அறியாதவர் அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தாலும் நம்பமாட்டார். ஜப்பானியக் கருவியின் மெருகுக்கும் கனடியக் கருவியின் முரட்டு உடலுக்கும் இடையே உள்ள தொலைவு, பொறியியலில் உள்ள வேறுபாட்டைக் காட்டிலும் அவற்றை வாங்கிய வீடுகளில் உள்ள வேறுபாட்டையே மிகுதியாகச் சொல்கிறது.

1993-இல் டைசனின் சொந்த நிறுவனம் வெளியிட்ட டிசி01, வெள்ளிச் சாம்பல் உடலில் மஞ்சள் உறுப்புகள் துலங்க, பிரிட்டனில் பதினெட்டு மாதங்களுக்குள் விற்பனையில் முதலிடம் பிடித்தது. அதன் கலனைக் கழற்றி நோக்குவது இவ்வடுக்கமைவைப் புரிந்துகொள்ள நல்ல வழி. கைப்பிடியோடு கூடிய ஒளி ஊடுருவும் வாளிக்குள், நடுவில் ஒரு குழாய் அடித்தட்டின்மேல் இறுக்கமாக அமர்ந்திருக்கும். குழாய்க்கு வெளியே விழுந்திருப்பது முடியும் நூலும் கம்பள இழையும் சுருண்டு வளையமாகத் திரண்ட அழுக்கு. மணல் அதனடியில் கிடக்கும். குழாய்க்குள் விழுந்திருப்பது முற்றிலும் வேறு: வெளிர் சாம்பல் நிறத்தில், விரலிடையே எடுத்தால் பிடிபடாமல் நழுவும் விபூதி போன்ற தூள். ஒரே அறையின் ஒரே தரையிலிருந்து ஒரே நேரத்தில் இழுக்கப்பட்ட தூசி இரண்டாகப் பிரிந்து கிடப்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பொருள் வேறு வீட்டில் இருக்க வாய்ப்பில்லை. இரண்டுக்கும் இடையில் நிற்பதோ அடித்தட்டைத் தொடும் ஒரு ரப்பர் வளையம் மட்டுமே. அது இறுகிப்போய் இம்மியளவு இடைவெளி விட்டாலும் காற்று குறுக்கே பாய்ந்து உட்கூம்பின் சுழலைக் குலைத்துவிடும். கீழே தங்க வேண்டிய தூள் மேலேறி வடிகட்டியை அடைந்துவிடும். வெளிப்பார்வைக்குப் புதியதுபோல் இருக்கும் பல பழைய கருவிகள் ஓட்டிப் பார்க்கையில் ஏமாற்றுவதற்கு இந்த வளையம் முதன்மையான காரணமாக இருக்கக்கூடும் என்பதால், ஒப்பீடு எதுவும் அதை மாற்றிய பிறகே தொடங்க வேண்டும்.

கலன் ஒளி ஊடுருவ வேண்டும் என்ற முடிவு சந்தை ஆய்வுக்கும் கடைக்காரர்களின் அறிவுரைக்கும் மாறாக எடுக்கப்பட்டது. தாம் பெருக்கிய அழுக்கைப் பார்க்க எவரும் விரும்பமாட்டார் என்பது அவர்கள் கணிப்பு. நடந்தது வேறு. பை இருந்தவரை வேலை முடிந்ததற்கான சான்று தரையில் மட்டுமே இருந்தது. கலன் தெளிந்த பிறகு அது கையிலும் வந்தது. ஆயினும் இத்தெளிவுக்கு ஓர் எல்லை உண்டு. கண்ணுக்குத் தெரிவது சுழல் பிடித்த தூசி; சுழல் பிடிக்காத தூசி ஒளி ஊடுருவாத உறைக்குள், மோட்டாருக்கு முன்னும் பின்னும் வைக்கப்பட்ட வடிகட்டிகளில் படிந்தது. ஃபில்டர் குவீனில் முன்னால் நின்ற காகிதக் கூம்பு இங்கே பின்கட்டுக்குப் போய்விட்டது. பையை நீக்கிய கருவி வடிகட்டியை நீக்கிவிடவில்லை என்பதைப் பல வீட்டார் மறந்து, ஆண்டுக்கணக்கில் அதைக் கழுவாமலும் மாற்றாமலும் ஓட்டினர். உறிஞ்சும் விசை குறையாது என்று நம்பி வாங்கிய கருவி குறைந்த விசையோடு ஓடியதற்குப் பெரும்பாலும் இந்த மறதியே காரணம். குறை சுழலில் இல்லை. பையில் அடைத்த தூசியை மூடியபடியே எறிந்துவிடலாம் என்பதையும், கலனைக் கவிழ்க்கும்போது நுண்தூசி மீண்டும் முகத்துக்கே எழும் என்பதையும் ஒவ்வாமை உள்ளவர்கள் மறக்கக் கூடாது. ஸ்பாங்லரின் ஆஸ்துமாவிலிருந்து தொடங்கிய கருவிக்கு இது சிறிய குறையன்று.

சேகரிப்பாளர்கள் கருவிகளை ஒப்பிடும் முறைகளில் எளியதும் பரவலானதும் குழாயின் வாயை அடைத்து உள்ளே உருவாகும் வெற்றழுத்தம் நீரை எவ்வளவு உயரத்துக்குத் தூக்குகிறது என்று அளப்பது. மோட்டாரும் விசிறியும் நலமாக உள்ளனவா, உடலில் காற்றுக் கசிவு உண்டா என்பதை அது நன்கு காட்டும். ஆனால் சைக்ளோனைப்பற்றி அது ஒன்றுமே சொல்லாது. வாய் அடைபட்ட குழாயில் காற்று ஓடுவதில்லை, காற்று ஓடாத இடத்தில் சுழலும் இல்லை. திறந்த குழாயில் பாயும் காற்றின் அளவைக் கணிப்பது இதைவிடப் பயனுள்ளது என்றாலும், ஒரே ஒரு முறை அளந்து முடிவு சொல்வது இரு தரப்புக்கும் நியாயம் செய்யாது. புதிய பை பொருத்திய கருவி முதல் நிமிடத்தில் சைக்ளோன் கருவியை வெல்லக்கூடும். ஏனெனில் சுழலை உண்டாக்கவும் தக்கவைக்கவும் சைக்ளோன் முதல் நொடியிலிருந்தே அழுத்தத்தில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது, பையோ தன் பங்கைப் பின்னால்தான் கேட்கிறது. இரண்டு கோடுகளும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு எடையிட்ட நுண்தூளைச் சிறுசிறு அளவுகளில் இழுக்கவிட்டு, ஒவ்வொரு முறையும் காற்றோட்டத்தை அளந்து, இறுதியில் கலனின் எடை எவ்வளவு கூடியது, மோட்டாருக்கு முன்னுள்ள வடிகட்டியின் எடை எவ்வளவு கூடியது என்று இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும். நல்ல தராசு ஒன்று போதும். வடிகட்டியில் சேர்ந்த எடைக்கும் இழுத்த மொத்த எடைக்கும் உள்ள விகிதமே ஒரு சைக்ளோனின் உண்மையான மதிப்பெண். ஃபில்டர் குவீனின் காகிதக் கூம்பையும் டிசி01-இன் வடிகட்டியையும் இவ்வாறு ஒரே தராசில் நிறுத்தினால்தான், அரை நூற்றாண்டுக்கு மேலான இடைவெளியில் பொறியியல் உண்மையில் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பது தெரியவரும்.

இதற்கு மாறாக, சேகரிப்புச் சந்தையில் விலையை ஏற்றுவது நிறமும் அரிதும். 1995-இல் வந்த டிசி02, படிக்கட்டில் அமரும்படி வடிவமைக்கப்பட்ட தரைக்கருவி. அதன் டி ஸ்டைல் பதிப்பு 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து டச்சு வடிவமைப்பு இயக்கம் ஒன்றுக்கு மரியாதையாகப் பளீரென்ற வண்ணங்களில் வந்தது. ரேனல்ஃப் ஃபைன்ஸ் அண்டார்க்டிகாவைத் தனியே கடக்க மேற்கொண்ட பயணத்தையொட்டி ஒரு பதிப்பும், திரும்பப் பெற்ற பழைய கருவிகளின் பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த ரீசைக்ளோன் என்ற பதிப்பும் வெளிவந்தன. இவற்றுள் சேகரிப்பாளரின் கவனத்துக்கு மிகவும் உரியது கடைசியில் சொன்னது. பலவகைப் பழைய பிளாஸ்டிக் கலந்தால் நிறம் மங்கும் என்பது தெரிந்தே செய்யப்பட்ட அக்கருவி, தன் முன்னோரின் உடலையே தன் உடலாகக் கொண்டது. ஆயினும் உட்புறப் பொறியில் இப்பதிப்புகளுக்கிடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. நிறத்துக்காக மட்டும் பெருந்தொகை கொடுப்பவர், அதே விலைக்குள் மூன்று நாடுகளின் மூன்று வேறுபட்ட சைக்ளோன்களை நிறுத்தி ஒப்பிடும் வாய்ப்பை இழக்கிறார்.

தொடக்கக்காலம் எங்கே முடிகிறது என்பதற்கு நீதிமன்றம் ஓர் எல்லையைத் தருகிறது. 1999-இல் ஹூவர் நிறுவனம் டிரிபிள் வோர்டெக்ஸ் என்ற பையில்லாக் கருவியை வெளியிட, டைசன் தொடுத்த காப்புரிமை வழக்கில் 2000 அக்டோபரில் லண்டன் உயர் நீதிமன்றம் டைசனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2002-இல் ஹூவர் 40 லட்சம் பவுண்டு இழப்பீடு தர உடன்பட்டது. பழைய சைக்ளோன் அறிவு எங்கே முடிகிறது, புதிய கண்டுபிடிப்பு எங்கே தொடங்குகிறது என்பதை வரி வரியாக அலசும் அத்தீர்ப்பு, தூசி உறிஞ்சிகளைப்பற்றிய ஆழ்ந்த தொழில்நுட்ப உரைகளுள் ஒன்று. சேகரிப்பாளர் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டியது. அதற்கிடையில் 2001-இல் வந்த டிசி07, ஒற்றை உட்கூம்புக்குப் பதிலாகப் பல சிறுகூம்புகளை வட்டமாக அடுக்கியது. ஆரம் குறைந்தால் விசை கூடும் என்ற பழைய கணக்கும், ஒரே சிறுகூம்பு முழுக்காற்றையும் தாங்காது என்ற நடைமுறையும் சேர்ந்து அந்த முடிவுக்கு இட்டுச் சென்றன. கலனின் அடித்தட்டைத் தனியே திறந்து கொட்டும் வசதியும் அதில் வந்தது. அதன்பின் வந்தவை எல்லாம் கூம்புகளின் எண்ணிக்கையைப் பெருக்கிச் சென்ற வேறொரு வரலாறு.

தொடக்கக்காலத்துக் கருவிகளோ இப்போது வேறு வகையில் அழிந்துகொண்டிருக்கின்றன. வெளியுடலின் ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஒளிபட்டுப் பழுப்பேறுகிறது. மோட்டாரைக் காக்க வைத்த நுரைப்பஞ்சு வடிகட்டிகள் ஈரத்தால் சிதைந்து பொடியாகி, காக்க வேண்டிய மோட்டாருக்குள்ளேயே புகுகின்றன. ரப்பர் வளையங்கள் இறுகி வெடிக்கின்றன. கலனின் உட்சுவரில் மணல் பல ஆண்டுகள் சுழன்று உரசியதால் உண்டான மங்கிய பட்டை மட்டும் அழிவாகத் தோன்றினாலும் அழிவன்று. காற்று எந்த உயரத்தில் எவ்வளவு விசையோடு சுவரைத் தொட்டது என்பதற்கு அக்கருவி தானே எழுதிவைத்த பதிவு அது. அதை மெருகுக் களிம்பு போட்டுத் தேய்த்துப் பளிங்குபோல் ஆக்குவதைச் சேகரிப்பாளர் பலர் திறமையாகக் கருதுகின்றனர். அவ்வாறு தேய்த்த கலன் அழகாக இருக்கும், ஆனால் எதையும் சொல்லாது. மிசூரி மாநிலத்தின் செயின்ட் ஜேம்ஸில் உள்ள தூசி உறிஞ்சி அருங்காட்சியகம்போல இக்கருவிகளுக்கென்றே நிறுவப்பட்ட இடங்கள் இருப்பது நற்பேறு. எனினும் பெரும்பாலான தொடக்கக்கால சைக்ளோன்கள் தனியார் கொட்டகைகளிலும் மாடியறைகளிலும்தான் இருக்கின்றன, அவற்றின் கதி அங்குள்ளவர்களின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது.

ஆகவே பழைய சைக்ளோன் கருவி ஒன்று கைக்கு வந்ததும் முதலில் கழுவப்படும் உறுப்பான வடிகட்டியே கடைசி வரை கழுவப்படாமல் இருக்க வேண்டியது. அதை உதறாமல் எடுத்து, எடையிட்டு, முன்னும் பின்னும் படமெடுத்து, காற்றுப் புகாத உறையிலிட்டு, கருவியின் வரிசை எண்ணையும் அது ஓடிய வீட்டில் கம்பளம் இருந்ததா, நாயோ பூனையோ வளர்ந்ததா, எத்தனை ஆண்டு ஓடியது என்ற செய்திகளையும் உறையின்மேல் குறித்துவைத்த பிறகு, புதிய வடிகட்டியைப் பொருத்திக் கருவியை ஓட்டிப் பார்க்கலாம்.